காட்டில் சுட்ட மான், பக்கத்து ஊர் கறிக்கடைக்கு வருவது எப்படி? பிரிட்டனில் நடைமுறை என்ன? - முழு விளக்கம்

பிரிட்டனில் சின்ன ஊர் கறிக்கடைகள் சிலவற்றில் கோழி, ஆட்டுக்கறிக்குப் பக்கத்திலேயே 'வைல்ட் வெனிசன்' என்று எழுதிய அட்டையோடு கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கறி இருக்கும். அது காட்டு மான்கறி. பண்ணையில் வளர்த்த மான் இல்லை. இறைச்சிக்கூடத்தில் வெட்டியதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் காட்டிலோ வயல் ஓரத்திலோ ஒருவர் துப்பாக்கியால் சுட்டு, கடைக்காரரிடம் கொடுத்தது.

நம்ம ஊர்ல மானைச் சுட்டால் நேராக ஜெயில்தான். அங்கே மட்டும் அது எப்படி கடைக்கு வந்து, ரசீது போட்டு விற்கப்படுகிறது? டாக்டர் யாரும் பார்க்காத ஒரு கறியை மக்கள் எந்த நம்பிக்கையில் வாங்குகிறார்கள்? ஒன்றொன்றாகப் பார்க்கலாம்.

மானைச் சுட ஏன் அனுமதிக்கிறார்கள்?

பிரிட்டனில் மானை வேட்டையாடும் பெரிய விலங்குகள் இப்போது இல்லை. ஓநாயும், லிங்க்ஸ் எனும் காட்டுப்பூனையும் அங்கிருந்து அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் மான்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. துல்லியமான கணக்கு எடுக்கப்படவில்லை என்றாலும், சுமார் 20 லட்சம் மான்கள் இருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மொத்தம் 6 வகை மான்கள் அங்கே காட்டில் திரிகின்றன. அதில் ரெட் டியர், ரோ டியர் இரண்டும் அந்த மண்ணுக்கே உரியவை. ஃபாலோ, சிகா, மன்ட்ஜாக், சைனீஸ் வாட்டர் டியர் ஆகிய நான்கும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

எண்ணிக்கை கூடினால் என்ன பிரச்சினை? மான்கள் இளங்கன்றுகளின் தளிரைக் கடித்துவிடும், மரப்பட்டையை உரித்துவிடும். புதிதாக நட்ட மரங்கள் தலையெடுக்காது. காட்டின் அடிப்பகுதியில் வளரும் செடிகொடிகள் போய்விட்டால், அதில் கூடு கட்டும் பறவைகளும் போய்விடும். விவசாயிகளுக்குப் பயிர்ச் சேதம் தனி. சாலையில் மான் குறுக்கே பாய்ந்து நடக்கும் விபத்துகளும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

அதனால் மான்களைக் குறிப்பிட்ட அளவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அரசின் கொள்கையாகவே இருக்கிறது. அப்படிச் சுடப்படும் மானை வீணாகப் புதைப்பதைவிட, சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை.

யார் வேண்டுமானாலும் சுடலாமா?

முடியாது. அங்கே உயிரோடு திரியும் காட்டு மான் சட்டப்படி யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் அதைச் சுடும் உரிமை நிலத்தோடு சேர்ந்தது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே போய்ச் சுட்டால் அது திருட்டு வேட்டை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ம் ஆண்டின் மான் சட்டம்தான் முக்கியமானது. அங்கே கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்:

* துப்பாக்கிக்குக் காவல்துறை கொடுக்கும் சான்றிதழ் வேண்டும்.

* சிறிய வகை மான்களைத் தவிர மற்றவற்றுக்கு 0.240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள ரைஃபிள்தான் பயன்படுத்த வேண்டும். குண்டு பட்டும் சாகாமல் மான் துடிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

* சூரியன் மறைந்து 1 மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் உதயத்துக்கு 1 மணி நேரம் முன்பு வரை தனி உரிமம் இல்லாமல் சுடக் கூடாது.

* ஒவ்வொரு வகைக்கும் பருவம் உண்டு. உதாரணமாக, இங்கிலாந்தில் ரோ வகை ஆண் மானை ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை சுடலாம். பெண் மானை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்தில் தாயைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெண் மானுக்கு இந்தக் கணக்கு. மன்ட்ஜாக் ஆண்டு முழுக்கக் குட்டி போடும் என்பதால் அதற்கு மட்டும் தடைக் காலம் இல்லை.

ஸ்காட்லாந்தில் விதிகள் கொஞ்சம் வேறு. அங்கே ஆண் மான்களுக்கான தடைக் காலத்தையே 2023-ல் நீக்கிவிட்டார்கள்.

டாக்டர் இல்லாத இடத்தில் யார் சோதிப்பது?

இதுதான் இந்த விஷயத்தில் முக்கியமான கேள்வி.

ஆடோ மாடோ இறைச்சிக்கூடத்துக்குப் போனால், வெட்டுவதற்கு முன்பு கால்நடை மருத்துவர் பார்ப்பார். வெட்டிய பிறகும் உள்ளுறுப்புகளைச் சோதிப்பார்கள். காட்டு மானுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அது உயிரோடு இருக்கும்போது எப்படி நடந்தது, நொண்டியதா, மெலிந்திருந்ததா, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றதா என்பதெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். துப்பாக்கிக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த வேட்டைக்காரருக்கு.

அதனால் சட்டம் அந்த வேட்டைக்காரரையே முதல் சோதனையாளராக ஆக்கிவிட்டது. 'பயிற்சி பெற்ற நபர்' என்று ஒரு தகுதி இருக்கிறது. மானின் உடலமைப்பு, நோய் அறிகுறிகள், சுகாதாரம், சட்டம் ஆகியவற்றில் பாடம் படித்துத் தேர்வு எழுதி அதைப் பெற வேண்டும். வேட்டைக்காரர்கள் பரவலாக எடுக்கும் முதல் நிலை மான் வேட்டைச் சான்றிதழிலேயே இந்தப் பகுதியும் வந்துவிடுகிறது.

சுட்ட பிறகு அவர் செய்ய வேண்டியவை என்ன?

முதலில் ரத்தத்தை வடிக்க வேண்டும். பிறகு தாமதிக்காமல் குடலை எடுக்க வேண்டும். வயிறோ குடலோ கிழிந்து உள்ளே இருப்பது கறியில் பட்டால் கிருமி பரவும். குண்டு வயிற்றில் பட்டிருந்தால் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் நெஞ்சைக் குறிபார்த்துச் சுடச் சொல்கிறார்கள்.

அடுத்து ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், நெறிக்கட்டிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நெறிக்கட்டி வீங்கியிருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ காசநோயாக இருக்கலாம். மான்களுக்கு வரும் காசநோய் அங்கே கட்டாயம் தகவல் சொல்ல வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே விலங்கு மற்றும் தாவர சுகாதார முகமைக்குச் சொல்லியாக வேண்டும். 'கறி பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்று மறைத்தால் குற்றம்.

எல்லாம் சரியாக இருந்தால், எண் போட்ட ஒரு டேக் எழுதி உடலோடு கட்ட வேண்டும். என்று, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சுடப்பட்டது, சுடுவதற்கு முன்பும் பின்பும் அசாதாரணமாக எதுவும் தெரியவில்லை என்ற உறுதிமொழி, அவருடைய கையெழுத்து ஆகியவை அதில் இருக்கும்.

பிறகு குளிரூட்டல். மான் போன்ற பெரிய வேட்டை விலங்கின் கறி 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத அளவுக்குக் குளிர வேண்டும். கோடைக்காலத்தில் சுட்ட மானை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினால் கதை முடிந்தது. ஈ மொய்க்காத, காற்றோட்டமான, குளிர்பதன வசதியுள்ள தனி அறையில் தொங்கவிடுவார்கள்.

கடைக்குப் போகும் வழிகள் எத்தனை?

மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதைப் பொறுத்து விதியும் மாறும்.

முதல் வழி: அங்கீகரிக்கப்பட்ட வேட்டை இறைச்சிக் கூடம். வேட்டைக்காரர் மானைத் தோலோடு அங்கே கொடுப்பார். கூடவே 'பயிற்சி பெற்ற நபர்' எழுதிய டேக் கட்டாயம். அப்படி ஒருவர் சோதிக்கவில்லை என்றால் கொம்பு நீங்கலாகத் தலை, இரைப்பையும் குடலும் நீங்கலாக மற்ற உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் உடலோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அங்கே அதிகாரபூர்வ பரிசோதனை நடந்து, முத்திரை குத்திய பிறகு கறி வெளியே போகும். சூப்பர் மார்க்கெட்டுக்கும், வெளிநாட்டுக்கும் போவதற்கு இந்த வழிதான்.

இரண்டாவது வழி: தோலோடு நேராக உள்ளூர் கறிக்கடை. வேட்டைக்காரர் தான் சுட்ட மானைத் தோல் உரிக்காமல், சிறிய அளவில், உள்ளூர் கறிக்கடைக்கோ உணவகத்துக்கோ, சாப்பிடப் போகிறவருக்கோ நேரடியாகக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய கூடத்தின் அங்கீகாரம் தேவை இல்லை. ஆனால் பாதுகாப்பற்ற உணவைக் கொடுத்தால் பொறுப்பு அவருடையதுதான்.

மூன்றாவது வழி: வேட்டைக்காரரே கறியாக வெட்டிக் கொடுப்பது. தோல் உரித்து, துண்டு போட்டு, பாக்கெட் செய்து கொடுக்கலாம். இதுவும் சிறிய அளவில், உள்ளூருக்குள் மட்டும். ஆனால் இப்போது அவர் உணவு வியாபாரி ஆகிவிடுகிறார். உள்ளூர் நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். கறி வெட்டும் இடம் கழுவித் துடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன ஆபத்து வரலாம், அதை எப்படித் தடுக்கிறோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள்.

'உள்ளூர்' என்றால் எவ்வளவு தூரம்?

இதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். கறி கொடுப்பவர் இருக்கும் கவுன்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, முழுவதும் உள்ளூர்தான். அதோடு பக்கத்துக் கவுன்டிகள், அல்லது சொந்தக் கவுன்டியின் எல்லையிலிருந்து 50 கி.மீ., இதில் எது அதிகமோ அது வரை போகலாம்.

ஏன் இந்த வரம்பு? கறியால் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், எந்தக் கடை, எந்த வேட்டைக்காரர், எந்தக் காடு என்று சீக்கிரம் கண்டுபிடிக்க முடிய வேண்டும். சங்கிலி சின்னதாக இருந்தால்தான் அது நடக்கும். முத்திரை இல்லாத கறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், நான்கு கை மாறிவிட்டால் யாரைப் பிடிப்பது?

கடைக்காரர் என்ன பார்க்க வேண்டும்?

'நம்ம ஆள்தான், நல்லவர்' என்று வாங்கிப் போட முடியாது. யாரிடமிருந்து, என்று, என்ன வகை, எத்தனை உருப்படி என்று பதிவு செய்து வைக்க வேண்டும். ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே தெரிந்திருக்க வேண்டும் என்பது உணவுச் சட்டத்தின் அடிப்படை விதி. ஐரோப்பிய யூனியனில் இருந்தபோது வந்த விதிகள்தான் இவை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டனில் தொடர்கின்றன.

இரண்டாவது, தோலோடு இருக்கும் மானை மற்ற கறிக்குப் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. ரோமத்தில் மண், சாணம், உண்ணி எல்லாம் இருக்கும். தனி இடம் வேண்டும், அல்லது வேறு நேரத்தில் உரித்துவிட்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும்.

மூன்றாவது, டேக். உள்ளூர் வழியில் 'பயிற்சி பெற்ற நபர்' சான்று சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும், விவரம் தெரிந்த கடைக்காரர் அது இல்லாமல் வாங்க யோசிப்பார். காரணம் எளிது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அவர் கையில் காட்ட வேறு எந்தக் காகிதமும் இருக்காது.

நான்காவது, அது திருட்டு மானா என்பது. சட்டவிரோதமாகச் சுட்ட மான் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் கடைக்காரரும் குற்றவாளி. மான்கறி வியாபாரிகளுக்கு இருந்த தனி உரிம முறையை இங்கிலாந்து, வேல்ஸில் 2007-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் கடைக்காரரின் சொந்த எச்சரிக்கைக்கு இப்போது வேலை அதிகம்.

உருவ அளவும் ஒரு விஷயம். ரோ, மன்ட்ஜாக் இரண்டும் சின்ன மான்கள். ரோ 25 கிலோ வரை, மன்ட்ஜாக் 18 கிலோ வரை வளரும். சின்னக் கடையின் குளிர்பதன அறையிலும் தொங்கவிட்டுவிடலாம். ரெட் டியர் ஆண் மான் 100 கிலோவைத் தாண்டிவிடும். அதைக் கையாள ஆளும் வேண்டும், இடமும் வேண்டும். அதனால் சின்னக் கடைகளுக்குச் சின்ன மான் வசதி.

உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. 2015-ல் ஸ்காட்லாந்தில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமியால் பலர் பாதிக்கப்பட்டனர். விசாரணையில் மான்கறிப் பொருட்களோடு தொடர்பு தெரியவந்தது. வயிற்றுப்போக்கோடு நிற்காமல் சிறுநீரகத்தையே கெடுக்கக் கூடிய கிருமி அது. அதன் பிறகு காட்டு மான்களின் சாணத்தைச் சோதித்துப் பார்த்ததில், அந்தக் கிருமியைச் சுமக்கும் மான்கள் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் என்று தெரிந்தது. ஆனால் கிருமி இருக்கும் ஒரே மானின் குடல், கறி முழுக்கப் பட்டுவிட்டால் போதும். குடல் எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் கவனம் வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

இன்னொரு கவலை, ஈயம். ஈயக் குண்டு உடலுக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். காயத்தைச் சுற்றி நிறைய கறியை வெட்டி எறிந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஈயக் குண்டால் சுட்ட கறியை அடிக்கடி சாப்பிடுகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளும், கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்களும் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை சொல்கிறது. வேட்டையில் பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை கொண்டுவரப் போவதாக பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. மாறிக்கொள்ள 3 ஆண்டு அவகாசம். அரசுக் காடுகளைக் கவனிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து அமைப்பு ஏற்கெனவே ஈயம் இல்லாத குண்டுகளுக்கு மாறிவிட்டது.

மான் நிறைய இருக்கிறது, கறி ஏன் குறைவாக விற்கிறது?

பருவம் ஒரு காரணம். எண்ணிக்கையைக் குறைக்கப் பெண் மான்களைச் சுடுவதுதான் பலன் தரும். அதற்கான காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த ஐந்து மாதத்தில் கறி குவிந்துவிடும், விலை இறங்கிவிடும். மற்ற மாதங்களில் கேட்டால் கிடைக்காது. தினமும் ஒரே அளவு சரக்கு எதிர்பார்க்கும் கடைகளுக்கு இது ஒத்துவராது.

உணவகங்களை நம்பியே இந்த வியாபாரம் இருந்தது இன்னொரு பலவீனம். கொரோனா காலத்தில் உணவகங்கள் மூடியதும் விலை சரிந்தது. தோட்டா, டீசல், குளிர்பதன அறையின் மின்கட்டணம் எல்லாம் போக வேட்டைக்காரர் கையில் ஒன்றும் நிற்கவில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதைவிட பக்கத்து ஊர் கறிக்கடைக்கு நேராகக் கொடுத்தால் இடைத்தரகு இல்லை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அதனால்தான் இந்த உள்ளூர் வழி மேல் இப்போது ஆர்வம் அதிகம்.

அங்கே இருக்கும் தமிழர்கள் வாங்கினால் என்ன கேட்க வேண்டும்?

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிரிட்டன் போனவர்கள் கடையில் இதைப் பார்த்தால் தாராளமாக வாங்கலாம், சட்டப் பிரச்சினை இல்லை. கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது காட்டு மானா, பண்ணை மானா? எந்தப் பகுதியில் சுட்டது? ஈயம் இல்லாத குண்டா? நல்ல கடைக்காரர் என்றால் யோசிக்காமல் பதில் சொல்வார்.

மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. நம்ம ஆட்டுக்கறி மாதிரி நினைத்துச் சமைத்தால் சில பாகங்கள் வறண்டுவிடும். கால், கழுத்துப் பகுதியைக் குழம்புக்கு மெதுவாக வேகவைக்கலாம். கொத்துக்கறி, பர்கர், சாசேஜ் வாங்கினால் உள்ளே சிவப்பாக விடாதீர்கள். நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை.

ஹலால் முறையில் அறுத்ததா என்பதையும் பார்ப்பவர்கள், இது துப்பாக்கியால் சுட்ட கறி என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இதே மாதிரி இந்தியாவில் முடியுமா?

முடியாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், கேளையாடு, வெளிமான் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, கறியை வைத்திருப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். வெளிமான் போல முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே மானை வேட்டையாட விலங்கு இல்லை. இங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ ஒரு மான் குறைந்தால் அது புலியின் சாப்பாட்டில் கை வைப்பது.

பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025-ல் சில தளர்வுகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வருபவற்றைச் சுடலாம் என்றது. அங்கேயும் சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

அதனால் தமிழ்நாட்டில் யாராவது 'மான்கறி இருக்கு, கிலோ இவ்வளவு' என்று காதோடு காதாகச் சொன்னால், அது சட்டப்படி வந்த கறியாக இருக்க வாய்ப்பே இல்லை. டேக் இல்லை, நெறிக்கட்டியைப் பார்த்தவர் இல்லை, 7 டிகிரி குளிர் இல்லை. நாட்டுத் துப்பாக்கியா, விஷமா, சாலையில் அடிபட்டதா என்றும் தெரியாது. வாங்கிச் சாப்பிட்டவர் பெயரும் வழக்கில் சேரும். அப்படி யாராவது விற்பது தெரிந்தால் அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லலாம்.